ரப்பரா, எஃகா? பட்டறைக்கும் ஸ்பேர் கடைக்கும் புதிதாக வருபவர்களுக்கு

கோவையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்தில் கைக்கு வருவது இரண்டு வகைச் சாமான்கள்தான். இரும்பு டிரேயில் போல்ட், ஷாப்ட், ஸ்பிரிங். பிளாஸ்டிக் டப்பாவில் வாசர், ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), ஆயில் சீல் (சுற்றுகிற ஷாப்டை ஒட்டி ஆயில் ஒழுகாமல் தடுப்பது). ஸ்பேர் கடைக் கவுண்டரில் நின்றாலும் இதே கதைதான். “ஒண்ணு கெட்டி, ஒண்ணு மெத்து, இதுல படிக்க என்ன இருக்கு?” என்று தோன்றும். அந்த நினைப்போடு ஒரு வாசரை எடுத்துக் கொடுத்தால் பத்து நாளில் பார்ட்டி திரும்பி வந்து கவுண்டர் முன்னால் நிற்பார்.

கெட்டியா, மெத்தா என்று பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அந்த இடத்தில் அந்தச் சாமானுக்கு என்ன வேலை என்று பாருங்கள். சுமையைத் தாங்க வேண்டுமா, கசிவை அடைக்க வேண்டுமா, வழுக்காமல் பிடிக்க வேண்டுமா, அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டுமா? தாங்குவது எஃகின் வேலை. மற்ற மூன்றும் பெரும்பாலும் ரப்பரின் வேலை. இரண்டும் சேர்ந்தே செய்யும் வேலைகள்தான் நம் பக்கத்து மெஷின்களில் அதிகம்.

முதல் படி: இழுத்துப் பாருங்கள்

ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து, இழுத்த நிலையிலேயே உதட்டில் வையுங்கள். லேசாகச் சுடும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, சட்டென்று தளரவிட்டு மறுபடி உதட்டில் வைத்தால் குளிரும். ரப்பருக்குள் இருப்பவை சிக்குப் பிடித்த நூல்போலச் சுருண்டு கிடக்கும் நீளமான சங்கிலி மூலக்கூறுகள். இழுத்தால் அவை நேராகி வரிசைக்கு வரும், விட்டால் பழையபடி சுருண்டுகொள்ளும். நல்ல ரப்பர் தன் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீண்டும் திரும்பி வருவது இதனால்தான். இன்னொரு வேடிக்கை: ரப்பர் பேண்டில் ஒரு எடையைத் தொங்கவிட்டு அதன்மேல் சூடான காற்று அடித்தால், அது நீளாது, சுருங்கி எடையை மேலே தூக்கும். எஃகுக் கம்பியோ சூடேறினால் நீளும்.

மரத்திலிருந்து எடுத்த ரப்பர் அப்படியே இருந்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தபோதுதான் அது உருப்படியான பொருளானது. கந்தகம் ஒரு சங்கிலியை இன்னொரு சங்கிலியோடு ஆங்காங்கே முடிச்சுப் போட்டுவிடுகிறது. பஞ்சர் கடைப் பலகையில் இருக்கிற ‘வல்கனைசிங்’ இந்த வேலைதான்.

அப்புறம் ஒரு ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலையும் கொஞ்சம் கட்டுக்கம்பியையும் வளைத்துப் பாருங்கள். ஸ்கேல் துள்ளி நேராகிவிடும், கட்டுக்கம்பி வளைத்தபடியே நிற்கும். இரண்டும் எஃகுதான். கார்பன் எவ்வளவு, வேறு உலோகம் என்ன கலந்திருக்கிறது, எப்படிச் சூடாக்கி ஆறவைத்தார்கள், எப்படி உருட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம். கடையில் நாம் ‘இரும்பு’ என்று சொல்லும் கம்பி, ஆங்கிள், போல்ட் எல்லாமே எஃகில் சேர்ந்தவை. பம்ப் பாடிக்கு பவுண்டரியில் ஊற்றுகிற வார்ப்பிரும்பு மட்டும் வேறு ஜாதி. அதில் கார்பன் அதிகம், சுத்தியலால் ஓங்கி அடித்தால் வளையாமல் உடையும்.

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘ரப்பரைவிட எஃகுக்கே மீட்சித்தன்மை அதிகம்’ என்று படித்துக் குழம்பியிருப்பீர்கள். ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள ரப்பரையும் எஃகையும் ஒரே அளவு நீட்ட வேண்டும் என்றால், எஃகுக்குச் சில பத்தாயிரம் மடங்கு முதல் ஒரு லட்சம் மடங்கு வரை கூடுதல் விசை வேண்டும். புத்தகம் சொல்வது அந்த எதிர்ப்பைத்தான். மற்றபடி சாதாரண எஃகுக் கம்பி ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும்வரைதான் பழைய நீளத்துக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். தேர்வுக்குப் புத்தகம் சொல்வதை எழுதுங்கள், பட்டறையில் இந்த ஒன்றேகால் மில்லிமீட்டரை ஞாபகம் வையுங்கள்.

இரண்டாம் படி: அமுக்கிப் பாருங்கள்

ரப்பரை அமுக்கினால் சின்னதாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆகாது. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான். கன அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. புதிதாக வருபவர்கள் பண்ணுகிற பிட்டிங் கோளாறுகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஓ-ரிங் உட்காரும் காடியைப் பாருங்கள், வளையத்தின் தடிமனைவிட அகலமாக வெட்டியிருப்பார்கள். பிதுங்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக. அசையாத இடத்தில் ஓ-ரிங் தன் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். கசிகிறதே என்று தடித்த ரிங்கைத் திணித்து போல்ட்டை முறுக்கினால், ரப்பர் அமுங்க இடமில்லாமல் கவர் விரிசல் விடும். பிளாஞ்சு கேஸ்கெட்டிலும் (போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு முகங்களுக்கு நடுவில் வைக்கும் ரப்பர் தகடு) அப்படித்தான். ஒரு போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிர் போல்ட்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி முறுக்குங்கள். கேஸ்கெட் ஓரம் லேசாக வெளியே தலைகாட்டியதும் நிறுத்திக்கொள்ளலாம். நசுங்கி வழிந்தால் அது செத்த கேஸ்கெட்.

இந்தப் பிதுங்கும் குணத்தை அடக்கியும் வேலை வாங்கலாம். பல மேம்பாலங்களில் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கட்டை தெரியும். அது ரப்பர், உள்ளே மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கடுக்காக வைத்து ஒட்டியது. தகடுகள் ரப்பரைப் பிதுங்க விடாமல் பிடித்துக்கொள்வதால் அத்தனை பாரமும் தாங்கும். அதே சமயம் வெயிலில் பாலம் நீள்வதற்கும் சுருங்குவதற்கும் ரப்பர் பக்கவாட்டில் இளகிக் கொடுக்கும்.

மூன்றாம் படி: எந்த ரப்பர்?

எல்லாம் கறுப்பாக இருக்கும். கார்பன் பவுடர் கலப்பதால் வருகிற நிறம் அது. கண்ணால் பார்த்து வகை சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

கவுண்டரில் அடிக்கடி வருபவை நான்கு. இயற்கை ரப்பர் இழுவைக்கும் தேய்மானத்துக்கும் அருமையானது, எண்ணெய் பட்டால் போச்சு. நைட்ரைல் ஆயில், டீசல், கிரீஸ் எல்லாவற்றுக்கும் தாங்கும், வெயிலில் கிடந்தால் வெடிக்கும். ஈபிடிஎம் வெயில், மழை, வெந்நீர் எதற்கும் அசையாது, எண்ணெய் மட்டும் ஆகாது. சிலிக்கான் சுமார் 200 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும், ஆனால் எளிதில் கிழியும், விலையும் அதிகம்.

காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் ஒரு வாசரைக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டார். “ஏனுங்க, போன மாசம் போட்டதுங்க. இப்படி ஊதிப்போச்சுங்களே, டூப்ளிகேட்டுங்களா?” வாசரை அழுத்தினால் விரலில் பிசுக்கு ஒட்டியது. ஓரம் உப்பி, நடுத் துளை கோணிப்போய், சீவினால் பிய்ந்து வருகிற பதத்தில் இருந்தது. டூப்ளிகேட் எல்லாம் இல்லை. அது தண்ணீர் லைனுக்கான நல்ல ஈபிடிஎம் வாசர். எண்ணெய் உள்ளே இறங்கிச் சங்கிலிகளை விலக்கிவிட்டது. ‘ஆயில்’ என்றால் இன்ஜின் ஆயில் மட்டும்தான் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய்க்கும் நைட்ரைல்தான் கொடுக்க வேண்டும். சாப்பிடுகிற எண்ணெய் என்றால் உணவுத் தரம் என்று எழுதியிருக்கும் சரக்காகப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் சோதித்துக்கொள்ளலாம். வாசரில் ஒரு துண்டை வெட்டி, வெர்னியரில் (நுணுக்கமாக அளக்கும் கருவி) தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணெயில் ஓடப்போகிறதோ அதே எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் துடைத்து மறுபடி அளங்கள். தடிமன் கண்ணுக்குத் தெரிய ஏறியிருந்தால் அந்த இடத்துக்கு அது ஆகாது. சிலிக்கானா என்று தெரிய வேண்டுமானால், வெளியே காற்றோட்டமான இடத்தில் ஒரு நுனியைக் கொளுத்துங்கள், வெள்ளைச் சாம்பல் விழும்.

மாட்டும்போது வழுக்குவதற்காக எல்லா ரப்பருக்கும் கிரீஸ் தடவுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. நைட்ரைலுக்குச் சரி. இயற்கை ரப்பருக்கும் ஈபிடிஎம்முக்கும் சோப்புத் தண்ணீர் போதும், இல்லையென்றால் சிலிக்கான் கிரீஸ்.

கெட்டித்தனத்துக்கு ஷோர் ஏ என்று ஓர் அளவு உண்டு. ரப்பர் பேண்ட் 30-ஐ ஒட்டி இருக்கும், டயர் பட்டன் 60 முதல் 70 வரை. பார்ட்டி “கொஞ்சம் கெட்டியா குடுங்க” என்றால் எந்த எண் என்று கேளுங்கள். தெரியாது என்றால் பழைய துண்டில் நகத்தை அழுத்திப் பார்த்து ஒப்பிடலாம். அது சுமாரான முறைதான்.

நான்காம் படி: எந்த எஃகு?

முதலில் காந்தம். ஒட்டவில்லை என்றால் அது 304 அல்லது 202 வகை எவர்சில்வராக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டில் எது என்று காந்தம் சொல்லாது. 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், துருவை எதிர்ப்பதில் 304-க்குக் கொஞ்சம் கீழே. காந்தம் ஒட்டினால் ‘டுபாக்கூர் எவர்சில்வர்’ என்று முடிவு கட்டுவதும் தப்பு. பம்ப் ஷாப்டுக்குப் போடும் 410 நன்றாகவே ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அந்தப் பெயருக்குத் தகுதி வந்துவிடும். சேலம் உருக்காலையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து உருட்டுவது இந்த வகைத் தகடுகளைத்தான். நம் பக்கத்துக்கு இந்த வேலை புதிதில்லை. நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு, எஃகு உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது.

அடுத்தது தீப்பொறி. கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டிங் சக்கரத்தில் லேசாகத் தொடுங்கள். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், கார்பன் குறைந்த எஃகு) என்றால் நீளமான கோடுகள், மஞ்சளாக. கார்பன் கூடக் கூட கோட்டின் நுனியில் பொறி பூவாய் வெடிக்கும். எவர்சில்வரில் பொறி குறைவு, நீளமும் குறைவு, செம்மஞ்சள் நிறம். வார்ப்பிரும்பில் குட்டையாக, மங்கிய சிவப்பு. தெரிந்த துண்டுகளை வரிசையாகத் தீட்டிப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் பிறகு ஸ்கிராப் குவியலிலும் சொல்லிவிடலாம்.

போர்வெல் தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களிலிருந்து வரும் 304 சாமான்களில் குண்டூசி குத்தியது மாதிரி குழி விழுந்திருக்கும். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை. தண்ணீரில் இருக்கும் குளோரைடின் வேலை அது. மாலிப்டினம் கலந்த 316 இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். இந்த விஷயத்தில் ரப்பருக்குக் கவலையே இல்லை. உப்பு அதை ஒன்றும் செய்யாது.

ஐந்தாம் படி: சூடு

மர வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சக்கரத்தைவிடச் சற்றுச் சின்னதாகப் பட்டாவை அடித்து, வறட்டி மூட்டத்தில் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். எஃகின் விரிவு சின்னதுதான். 6 மீட்டர் கம்பி 20 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஆனால் அந்தச் சின்ன விரிவுக்குப் பின்னால் இருக்கும் பலம் பெரிது. பேரிங்கைச் சூடாக்கி ஷாப்டில் ஏற்றுவதும் இதே தந்திரம். அப்புறம் டயர் வண்டி வந்தது. காங்கேயம் காளைகளுக்கு இழுவை குறைந்தது, கடகட சத்தமும் போனது.

ரப்பருக்குச் சூடு எதிரி. தொடர்ந்து ஓடும் இடத்தில் இயற்கை ரப்பருக்கு 70, 80 டிகிரி, நைட்ரைலுக்கு 100-ஐ ஒட்டி, ஈபிடிஎம்முக்கு 120, 130 என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி வரும். கேஸ்கெட் வருஷா வருஷம் விறைத்துப்போவது ஏன் என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஆறாம் படி: ஜோடியாகப் பாருங்கள்

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சை இழுத்து மெலிதாக்கும் இடத்தில் கீழே வரி வெட்டிய எஃகு ரோலர், மேலே ரப்பர் உறை போட்ட ரோலர். உறையைக் காட்ஸ் என்பார்கள். எஃகு ஓட்டும், ரப்பர் இழையை நசுக்காமல் பிடித்துக் கொடுக்கும். இரண்டும் எஃகாக இருந்தால் இழை அறுபடும், இரண்டும் ரப்பராக இருந்தால் வேகம் சீராக வராது. காட்ஸ் தேய்ந்து பள்ளம் விழுந்தால் பஃபிங் செய்து (மேற்பரப்பைத் தேய்த்து) மறுபடி வட்டமாக்கி ஓட்டுவார்கள். அந்தப் பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டால் நூலில் தடிப்பும் மெலிவுமாக வரும்.

அரிசி மில்லில் நேர் எதிர். பழைய ஹல்லரில் எஃகு நெல்லைத் தேய்த்து உமியெடுத்தது, நொய் அதிகம் விழுந்தது. ரப்பர் ஷெல்லரில் இரண்டு ரப்பர் ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று வேகமாக, மற்றது கொஞ்சம் மெதுவாக. அந்த வேக வித்தியாசத்தில் உமி உரிந்து வரும், அரிசி முழுசாக நிற்கும். வேகமாகச் சுற்றுவது சீக்கிரம் தேயும் என்பதால் இடையில் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். இதை மில்காரருக்கு ஞாபகப்படுத்துங்கள், மறுபடி உங்களிடமே வருவார்.

ஈரோடு ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேட் எட்டிப் பார்க்கும், மேலே வளைந்த ஸ்பிரிங் எஃகுக் கிளிப் பிடித்திருக்கும். நாமக்கல் லாரியின் ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது. கம்பிக்குப் பித்தளைப் பூச்சு கொடுத்திருப்பார்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் அதில்தான் கெட்டியாகப் பிடிக்கும்.

ஜோடியில் சீக்கிரம் போவது ரப்பர்தான். அது விலை குறைந்த பக்கம், தேய்வதற்கென்றே போட்டது. விதிவிலக்கு ஆயில் சீல். பல வருஷம் ஓடிய ஷாப்டில் சீல் உட்கார்ந்த இடத்தில் வளையமாக ஒரு தடம் இருக்கும். மெத்தென்ற ரப்பர் உதடு, இடையில் சிக்கிய தூசியின் துணையோடு எஃகைத் தின்ற தடம் அது. அதன் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் புது சீல் போட்டும் ஒழுகும். ஷாப்டை லேத்தில் சரிசெய்ய வேண்டும், அல்லது சீலை கொஞ்சம் தள்ளி உட்காரவைக்க வேண்டும்.

கரண்ட் விஷயம்

ரப்பர் கரண்டைக் கடத்தாது என்று நம்பி, ரப்பர் செருப்போடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். கறுப்பு ரப்பரில் கலந்த கார்பன் ஓரளவு கடத்தும், ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மெயினை அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பேனல் முன்னால் விரிக்கும் ரப்பர் விரிப்பில் ஐ.எஸ். 15652 (கரண்ட் தடுக்கும் விரிப்புக்கான இந்தியத் தர எண்) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எடுத்து வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும்

ரப்பரை வெயிலும் ஓசோனும் கெடுக்கும். பொறி பறக்கும் மோட்டார், வெல்டிங் பக்கத்தில் ஓசோன் உண்டாகும். இழுவையில் இருக்கும் ரப்பரைத்தான் அது முதலில் வெடிக்க வைக்கும். எனவே பெல்ட்டை ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், அகலமான உருளையில் போடுங்கள். ஓ-ரிங்கைக் கறுப்புக் கவரில் இறுக்காமல் போட்டு இருட்டான அலமாரியில் வையுங்கள். எஃகுக்குக் காற்றும் ஈரமும் சேர்ந்து வரக்கூடாது. ஆடிச் சாரலில் தரையில் கிடக்கும் ஷாப்ட் ஒரு வாரத்தில் செவந்துவிடும், கிரீஸ் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பலகைமேல் வைத்தால் போதும். டயர் வாங்கினால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது.

கடைசியாக எண்கள். பெல்ட்டில் பி 52 என்றால் பி வகை, உள்சுற்று 52 அங்குலம். ஆயில் சீலில் 25-47-7 என்றால் ஷாப்ட் 25, வெளிவட்டம் 47, தடிமன் 7 மில்லிமீட்டர். எண் அழிந்துபோயிருந்தால் பழைய சீலின் உள்வாயை அளக்காதீர்கள். அது தேய்ந்தோ உப்பியோ இருக்கும். ஷாப்டையும் சீல் உட்காரும் குழியையும் (ஹவுசிங்) வெர்னியரில் அளந்து வரச் சொல்லுங்கள். பார்ட்டியிடம் வெர்னியர் இல்லையா, ஷாப்டையே கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.